ஸ்கூட்டரின் கியர்ப்பெட்டிக்கு ஏற்ற எண்ணெய் எது?

(உப்பளத்திலிருந்து கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் எமக்கு நூல் இருப்பு, துணி இருப்பு, கடன் பாக்கி ஆகியவையே பெரும்பாலும் வேலை. வாகனச் செலவுச் சீட்டுகளை விரைவில் புரட்டிவிடுவதே வழக்கம். ஆயின் சென்ற ஆண்டு ஒரு சங்கத்தின் ஏடுகளைப் பார்க்கையில் அவ்வாறு புரட்டிச் செல்ல இயலவில்லை. உப்பளத்தில் குடியிருக்கும் அங்கத்தினர் ஒருவர் தம்முடைய பழைய ஸ்கூட்டரில் சங்கத்து நூற்சிப்பங்களை நெசவாளர் இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்து, நெய்த துணியைத் திரும்பக் கொணர்பவர். அவ்வண்டியின் பழுதுச் செலவைச் சங்கம் ஏற்பதென்று நிர்வாகக் குழுவின் தீர்மானம் உண்டு. ஐந்து மாதங்களுக்குள் மூன்று முறை கிளட்ச் தட்டுகள் மாற்றியதாக அவர் சீட்டுக் கொடுத்திருந்தார்.

நல்ல முறையில் ஓட்டினால் அத்தட்டுகள் பல ஆண்டுகள் உழைக்கும். ஆகவே, "இத்தேவை விளக்கப்படவில்லை, பின்னிரண்டு தொகைகளையும் திரும்பப் பெறுக" என்று ஆட்சேபணை எழுதினேன். பொய்ச் சீட்டு என்று எழுதவில்லை. ஆயினும் படிப்பவர்க்கு அதுவே பொருள் என்பதை அறிந்தே எழுதினேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் அவர் பழைய செய்தித்தாளில் ஒரு பொட்டலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். "ஐயா, முப்பது வருஷமாகச் சங்கத்து நூலைத் தொடுகிறேன். ஒரு கட்டு குறைந்ததில்லை. இவை கழற்றிய தட்டுகள், நீங்களே பாருங்கள்" என்று மேசையின்மேல் பிரித்து வைத்தார். தட்டுகள் மெய்யாகவே அங்கிருந்தன. ஆனால் அவை தேய்ந்திருக்கவில்லை. தக்கைப் பூச்சு குறையாமல் இருந்தது. அதன் முகம் மட்டும் கறுத்து, கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. முகர்ந்து பார்த்தபோது அழுகிய முட்டையின் வாடை வீசியது. அது கந்தகத்தின் வாடை.

"பெட்டிக்கு என்ன எண்ணெய் விடுகிறீர்கள்?" என்று கேட்டேன். பெரிய வண்டிகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்றில், "லாரியே இதில் ஓடுகிறது, ஸ்கூட்டர் ஓடாதா?" என்று சொல்லித் தந்த தொண்ணூறாம் எண் கியர் எண்ணெய் என்றார். முதன்முறை தட்டு மாற்றிய நாளில் வாங்கிய டின் அது. பின்னிரண்டு முறையும் அதே டின்னிலிருந்தே ஊற்றியிருக்கிறார். நூறடிச் சாலை மேம்பாலத்தில் சிப்பத்துடன் ஏறும்போது எஞ்சின் அலறுமாம், வண்டியோ நகராதாம். பின்னால் பேருந்து ஒலியெழுப்ப, இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறார்.

இவரைப்போலவே பழைய கியர் ஸ்கூட்டரை வைத்துப் பிழைப்பு நடத்துவோர் நம் சங்கங்களில் இன்னும் பலர். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஓடிய கியர் ஸ்கூட்டர்களில் பெரும்பான்மை இரண்டு இத்தாலியக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று, 1946-இல் விமானப் பொறியாளர் கொராடினோ தஸ்கானியோ வகுத்த வெஸ்பா. பஜாஜ் நிறுவனம் அதனை 1960-களில் உரிமம் பெற்று இங்கு செய்தது. உரிமம் முடிந்தபின் 1972 முதல் அதே அமைப்பில் சேத்தக் என்னும் வண்டியை வெளியிட்டது. மற்றொன்று லாம்பரெட்டா. மும்பையில் அது உருவாகி வந்தது. பின்னர் 1972-இல் லக்னோவில் அமைந்த ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் அதன் வழியிலேயே விஜய் சூப்பரைச் செய்தது. ஒரு சேத்தக்கிற்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலமும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் இறுதியில் பஜாஜ் நிறுவனம் ஸ்கூட்டர் உற்பத்தியையே நிறுத்தும் முடிவை அறிவித்தது. ஆகவே ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் வயது முதிர்ந்தவை. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த பழைய கைகளும் குறைந்து வருகின்றன. எண்ணெயைப் பற்றி உரிமையாளரே அறிந்திருக்க வேண்டிய அவசியம் இதனால்தான் எழுகிறது.

இவ்வண்டிகளில் இரண்டு எண்ணெய்கள் வேலை செய்கின்றன. பெட்ரோலுடன் கலந்து ஊற்றும் இரண்டுவீச்சு எண்ணெய் உருளையையும் அச்சையும் நனைத்து, பெட்ரோலுடனேயே எரிந்து போவது. அதற்கும் கியர்ப்பெட்டிக்கும் சம்பந்தமில்லை. கையில் மீதமிருக்கிறதே என்று அதனைக் கியர்ப்பெட்டியில் ஊற்றுவோரையும் கண்டிருக்கிறேன். எரிந்து தீர வேண்டிய எண்ணெய், மாதக்கணக்கில் பற்சக்கரங்களுக்கிடையே நசுங்கிக் கிடக்கும் வேலையை எவ்வாறு தாங்கும்?

கியர்ப்பெட்டியின் எண்ணெய் வேறு. அதன் வேலையும் ஒன்றன்று, இரண்டு. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாமல் காக்க வேண்டும். அதே பெட்டியோடு சேர்ந்து எண்ணெயிலேயே நனைந்திருக்கும் கிளட்ச் தட்டுகளையும் அது குளிர்விக்க வேண்டும். ஆனால் அவற்றை வழுக்கவிடக் கூடாது. ஓரிடத்தில் வழுக்கலையும் மற்றோரிடத்தில் பிடிப்பையும் ஒரே எண்ணெயிடம் எதிர்பார்க்கிறோம். சிக்கல் எல்லாம் இங்கேதான்.

தறியில் வேலை செய்வோர்க்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. விசைத்தறியில் பாவு உருளையைக் கயிற்றாலோ சங்கிலியாலோ சுற்றி எடை தொங்கவிடுகிறோம். அந்த உராய்வுதான் பாவை விறைப்பாக வைக்கிறது. உருளையின் தாங்கிக்கு எண்ணெய் விடாவிட்டால் அது கிறீச்சிடும். அதே எண்ணெய் கயிற்றில் பட்டுவிட்டாலோ உருளை வழுக்கிப் பாவு தளர்ந்துபோகும், துணி கெடும். ஸ்கூட்டரில் இத்தாங்கியும் இக்கயிறும் ஒரே எண்ணெய்க்குள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் எவ்வளவு அளவாக வழுக்க வேண்டும் என்பது விளங்கும்.

இனி அந்த லாரி எண்ணெய்க்கு வருவோம். லாரியின் பின்னச்சில் உள்ள பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்துவதோடு நில்லாமல் பக்கவாட்டில் வெகுவாகச் சறுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப்படலம் கிழிந்துபோகும். ஆதலின் கந்தகமும் பாஸ்பரமும் அடங்கிய மருந்துச் சரக்குகளை அதில் சேர்க்கின்றனர். வெப்பம் ஏறும்போது இவை எஃகின் முகத்தோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய வழவழப்புப் பூச்சை உண்டாக்கும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தர வரிசையில் ஜி.எல். 5 என்று டின்னில் அச்சிட்டிருப்பது இத்தகைய எண்ணெயையே. ஜி.எல். 4 என்பதில் இச்சரக்கு ஏறத்தாழ அதில் பாதியே. லாரிக்கு ஜி.எல். 5 அமிர்தம். ஸ்கூட்டரின் நேர்ப் பற்சக்கரங்களுக்கோ அவ்வளவு பாதுகாப்புத் தேவையில்லை. தேவையில்லாத அப்பூச்சு தக்கைத் தட்டுகளின் மேல் படியும்போது தட்டு தன் பிடியை இழக்கிறது. வெப்பம் ஏறிய நிலையில் வெண்கலம், பித்தளை ஆகியவற்றால் ஆன உறுப்புகளையும் இக்கந்தகச் சரக்கு அரிக்கக்கூடும். நம் அங்கத்தினரின் தட்டில் வீசிய வாடையின் மூலம் இதுவே.

"தடித்த எண்ணெய் என்பதால்தான் கெட்டது" என்று மெக்கானிக் ஒருவர் எனக்குச் சொன்னார். அது பாதி உண்மை. டின்னின்மேல் காணும் எண்களைப் பற்றி நம்மவரிடையே பெருங்குழப்பம் நிலவுகிறது. எஸ்.ஏ.இ. என்பது அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் பெயர்ச்சுருக்கம். அவர்கள் 1911 முதல் எண்ணெயின் தடிப்பை எண்ணால் குறித்து வருகின்றனர். எஞ்சின் எண்ணெய்க்கு ஓர் அளவுகோல். கியர் எண்ணெய்க்கு வேறோர் அளவுகோல். இரண்டும் ஒன்றோடொன்று மயங்காதிருக்கவே கியர் எண்ணெய்க்குப் பெரிய எண்களைக் கொடுத்தனர். மயக்கமோ ஒழிந்தபாடில்லை. 90 என்பது 30-ஐப்போல் மும்மடங்கு தடித்தது என்று நாம் கணக்கிடுகிறோம். உண்மையில் கியர் அளவுகோலின் 90, எஞ்சின் அளவுகோலின் 40-க்கும் 50-க்கும் அருகில்தான் நிற்கிறது. கியர் 80 என்பது எஞ்சின் 20, 30 ஆகியவற்றின் பக்கம் வரும். படியும் மரக்காலும் வேறு வேறு அளவைகள் என்பதை அறிந்த நம் விவசாய அங்கத்தினர்க்கு இதில் வியப்பிராது.

வெஸ்பா குடும்பத்து வண்டிகளுக்கு, அதாவது பழைய பஜாஜ், எல்.எம்.எல். முதலியவற்றுக்கு, உரியது எஸ்.ஏ.இ. 30 எஞ்சின் எண்ணெய். அளவு 250 மில்லிலிட்டர். பெட்டியில் இருப்பது பற்சக்கரமாயிற்றே, அதற்கு எஞ்சின் எண்ணெயா என்று பலர் கேட்கின்றனர். பெட்டியில் கிளட்சும் இருக்கிறது என்பதுதான் விடை. விலையுயர்ந்த, கழுவுசரக்குகள் நிறைந்த எண்ணெயும் இங்கு வேண்டுவதில்லை. இப்பெட்டியில் புகைக்கரி விழுவதில்லை. எண்ணெயை வடிகட்டும் சாதனமும் கிடையாது. அழுக்கு அடியில் தங்கி, மாற்றும்போது வடிந்துபோவதே நல்லது. சாதாரண ஒற்றை எண் எஸ்.ஏ.இ. 30 கிடைத்தால் அதுவே போதும்.

சில கடைகளில் ஒற்றை எண் எண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. அந்நிலையில் மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் 20 டபிள்யூ 40 எண்ணெயை ஊற்றலாம். ஆயின் டின்னில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளிலும் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. கார்களுக்கு எரிபொருள் சிக்கனம் கருதி மிகு வழுக்கல் தரும் எண்ணெய்கள் பெருகியபோது, அவை மோட்டார் சைக்கிளின் கிளட்சை வழுக்கச் செய்தன. அதன்பின்னரே ஜப்பானியர் 1998-இல் இத்தரக் குறியை ஏற்படுத்தினர். எம்.ஏ. என்றால் நனைந்த கிளட்ச் வழுக்காது என்று பொருள். எம்.பி. என்றால் வழுக்கல் மிகுதி. நனைந்த கிளட்சுக்கு ஆகாது. கார் எண்ணெய் மீதமிருக்கிறது என்று உறவினர் அன்புடன் கொடுத்தாலும் நன்றி கூறி மறுத்துவிடுங்கள்.

லாம்பரெட்டா, விஜய் சூப்பர் வைத்திருப்போர் மேற்கண்டதைத் தங்கள் வண்டிக்குப் பொருத்தலாகாது. அதில் எஞ்சினிலிருந்து கியருக்கு ஆற்றல் செல்வது சங்கிலி வழியாக. சங்கிலி, கிளட்ச், பற்சக்கரம் எல்லாம் ஒரு நீண்ட பெட்டிக்குள் அமைந்தவை. கொள்ளளவு சுமார் 700 மில்லிலிட்டர். அவ்வண்டிக்குச் செய்தோரே 90 எண் கியர் எண்ணெயைக் குறித்தனர். தடிப்பு மட்டுமே குற்றவாளியன்று என்று மேலே கூறியதற்கு இதுவே சான்று. அங்கும் ஜி.எல். 4-க்கு மேற்போகாத எண்ணெயையே தேடி வாங்க வேண்டும்.

கியரில்லா வண்டிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. 1984-இல் கைனெட்டிக் ஹோண்டாவும், 2001-இல் ஆக்டிவாவும் வந்தபின் பெண் அங்கத்தினர் பலரும் இவ்வகையையே வாங்கினர். இவற்றில் கிளட்ச் உலர்ந்தது. ரப்பர் வார் வழியே ஆற்றல் செல்கிறது. ஆயின் பின்சக்கரத்தருகே ஒரு சிறு பற்சக்கரப் பெட்டி தனியே உண்டு. அதில் ஏறத்தாழ 100 முதல் 120 மில்லிலிட்டர் எண்ணெய் இருக்கும். எஞ்சின் எண்ணெயை ஒழுங்காக மாற்றுவோர்கூட இப்பெட்டி இருப்பதையே அறிவதில்லை. எண்ணெய் வற்றினால் சக்கரத்தின் அருகில் ஓர் ஊளைச் சத்தம் எழும். அப்போது காலம் கடந்திருக்கும். இதற்கு என்ன எண்ணெய் என்பது வண்டிக்கு வண்டி மாறுவதால் கையேட்டைப் பார்த்தே ஊற்றுக.

எண்ணெய் மாற்றும் முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றிய பின்னரே வடிக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெய் அழுக்கை உள்ளேயே விட்டுவிட்டு வரும். வெஸ்பாவில் அடியில் வடிகால் திருகும், பக்கத்தில் அளவுத் திருகும் உண்டு. பழைய வண்டிகளில் அளவுத் திருகின்மேல் ஓலியோ என்று இத்தாலிய மொழியில் பொறித்திருக்கும். பிரெஞ்சு படித்த நம் ஊர்ப் பெரியவர் ஒருவர், "உய்ல் என்று எழுதாமல் ஓலியோ என்று எழுதியிருக்கிறானே" என்று அதைக் காட்டிச் சிரித்தது நினைவுக்கு வருகிறது. வண்டியை நேராக நிறுத்தி, அத்துளையிலிருந்து எண்ணெய் துளித்துளியாக வழியும் வரை ஊற்றுக. வழிந்ததும் நிறுத்துக. திருகுகளின் அடியிலுள்ள வாசர்களைப் புதிதாகப் போடுவதற்குச் சில ரூபாய்தான் ஆகும். அதில் சிக்கனம் வேண்டாம்.

கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே என்று நினைப்பது பெரும் ஆபத்து. மிகுந்த எண்ணெய் பின்சக்கர அச்சின் சீல் வழியே கசிந்து பிரேக் கட்டையில் படியும். சிப்பத்துடன் ஓடும் வண்டியில் பின்பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பின்சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய் ஈரம் கண்டால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். பிரேக் கட்டைகளை மாற்றி, சீலையும் மாற்றிய பிறகே சாலையில் இறங்குங்கள்.

வடித்த எண்ணெயைச் சற்று உற்றுப் பார்ப்பவர்க்கு அது பல செய்திகள் சொல்லும். பெட்ரோல் வாடை அடித்து அளவும் ஏறியிருந்தால், எஞ்சின் அறைக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையிலுள்ள சீல் பழுதாகிவிட்டது. அதே சீல் மறுபுறம் விட்டுக்கொடுத்தால் எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரிக்கும். வண்டிக்குப் பின்னால் வெண்புகை மண்டும். பெட்டியில் எண்ணெய் காணாமற்போகும். இதைப் பெட்ரோலில் எண்ணெய் மிகுந்ததால் வந்த புகை என்று எண்ணிக் கலவையைக் குறைத்து, எஞ்சினையே இறுகச் செய்தவர்கள் உண்டு. வடிகால் திருகில் நுண்ணிய இரும்புப் பொடி இருப்பது இயல்பு. கைக்கு அகப்படும் துண்டுகள் இருப்பின் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். கியர் தானே நழுவி விழுவதற்கு எண்ணெய் மாற்றிப் பயனில்லை. வெஸ்பாவின் அச்சுக்குள் சிலுவை வடிவில் ஓர் இரும்புத் துண்டு நகர்ந்து கியரைப் பிடிக்கிறது. அதன் முனை மழுங்கினால் எந்த எண்ணெயும் அதைக் கூராக்காது.

எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தபோது நகரின் தெருக்களில் வெள்ளம் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டிகள் பலவற்றில் காற்றுத்துளை வழியே நீர் இறங்கியது. வடிந்தபின் உதைத்தவுடன் கிளம்பியது என்று மகிழ்ந்து ஓட்டினோர், சில மாதங்களில் பந்துத்தாங்கிகள் துருப்பிடித்து இரைவதைக் கேட்டனர். வெளுத்த எண்ணெயை வடித்து, மலிவான எண்ணெய் ஊற்றிச் சிறிது ஓட்டி, அதையும் வடித்து, அதன்பின் நல்ல எண்ணெய் ஊற்றுவதே முறை. இரண்டு முறை ஊற்றும் 500 மில்லிலிட்டரின் விலை, தாங்கி மாற்றும் கூலியின் ஒரு சிறு பங்கே.

ஒரு லிட்டர் டின் நான்கு வெஸ்பாக்களுக்குப் போதும். தனித்தனியே வாங்கும் நால்வர் மீதியை மூலையில் வைத்து வீணாக்குவதைவிட, சங்கம் ஒரு டின் வாங்கி அளந்து கொடுப்பது சிக்கனம். ஆயின் ஒரு நிபந்தனை. உப்புக் காற்று வீசும் நம் பகுதியில் திறந்த டின் ஈரம் பிடிக்கும். மூடியை இறுக்கி, திறந்த தேதியை எழுதி வைக்க வேண்டும். வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டுவதோ, கரையான் வராதென்று தோட்டத்து மரங்களுக்குப் பூசுவதோ, தறியின் இரும்புகளுக்கு விடுவதோ கூடாது. அதில் உலோகப் பொடி இருக்கிறது; தோலுக்கும் நிலத்துக்கும் கேடு; பாவில் ஒரு துளி தெறித்தால் அக்கறை எந்தச் சலவைக்கும் போகாது. டின்னில் சேர்த்து வைத்துப் பழைய எண்ணெய் எடுப்போரிடம் கொடுத்துவிடுக.

நம் உப்பளத்து அங்கத்தினரின் வண்டியில் அந்த லாரி எண்ணெய் முழுவதையும் வடித்தோம். எஸ்.ஏ.இ. 30 ஊற்றி ஒரு நாள் ஓட்டி, மீண்டும் வடித்து, புதிதாக ஊற்றினோம். கந்தகம் ஊறிய தட்டுகளை மீட்க இயலவில்லை. நான்காம் முறையாகத் தட்டுகள் வாங்க நேர்ந்தது. அவற்றைப் பொருத்துமுன் ஓர் இரவு அதே எண்ணெயில் ஊறவைத்தோம். மறுநாள் வழக்கமான சிப்பத்தை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறியவர், இறங்காமலே அக்கரை சேர்ந்தார்.

தணிக்கை ஏட்டில் என் ஆட்சேபணையை அடித்துவிட்டு அவரிடம் தெரிவித்தேன். "அடித்தால் மட்டும் போதாது ஐயா. ஏன் அடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நாளைக்கு என் பேரன் சங்கத்தில் சேர்ந்து இந்த ஏட்டைப் புரட்டினால் கோடு மட்டும்தானே தெரியும்?" என்றார். தவறான எண்ணெயால் தட்டுகள் கெட்டன என்றும், சீட்டுகள் மூன்றும் உண்மையானவை என்றும், ஆட்சேபணை எழுதுமுன் தட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்காதது ஆய்வாளரின் பிழை என்றும் அதன் கீழேயே எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் காரியதரிசி அதை வாய்விட்டுப் படித்தார். நான்காம் சீட்டின் தொகையும் அன்றே வழங்கப்பட்டது.